நார்ச்சோறும் உப்பும்

தொங்கும் பூந்தொட்டி நம் மரபுக்குச் சற்று அந்நியமான பொருள். நம் வீடுகளில் கூரையிலிருந்து தொங்கியது உறி. அதில் இருந்தவை தயிரும் வெண்ணெயும் நெய்யும். செடிக்கு முற்றத்தில் மண் இருந்தது. முற்றம் சுருங்கிய இடத்திலும் துளசிக்குச் செங்கல்லால் மாடம் எழுப்பினார்களேயன்றி, அதைக் கயிற்றில் கட்டி அந்தரத்தில் விடவில்லை. இதற்குக் காரணம் அழகுணர்வு அன்று, தண்ணீர்க் கணக்கு என்றே நமக்குத் தோன்றுகிறது. தரையில் நிற்கும் செடிக்குக் கீழே ஒரு நிலம் முழுவதும் ஈரக்களஞ்சியமாக இருக்கிறது. அந்தரத்தில் தொங்குவதற்கு இருப்பதோ சில படி மண். அதன் பக்கங்களிலும் அடியிலும் காற்று, மேலே வெயில். திருவள்ளூர் மாவட்டத்தின் சித்திரை வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் உச்சிப்பொழுதுக்குள் போய்விடும்.

ஆனால் காலம் மாறிவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஆலைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கும் அடுக்கு வீடுகளில் முற்றம் என்பது கிடையாது. பால்கனியின் கம்பிதான் உண்டு. அந்தக் கம்பியில் தொட்டிகள் தொங்குகின்றன. அவற்றுக்குள் பெரும்பாலும் இருப்பது மண்ணே அன்று. செங்கல்போல் அழுத்திக் கட்டிய, தண்ணீர் பட்டதும் பலமடங்கு பொங்கும் பழுப்புநிறத் தூள். நாற்றங்கால் கடைகளில் அதன் பெயர் கோகோபீட். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வெளியீடுகளில் தென்னை நார்க்கழிவு. மலையாளிகள் அதைச் சகிரிச்சோறு என்கிறார்கள். மூன்றில் அழகானதும் சரியானதும் இந்தக் கடைசிப் பெயர்தான். சோறு என்ற சொல்லுக்குத் தமிழிலும் தண்டினுள் இருக்கும் மென்மையான பகுதி என்ற பொருள் உண்டு. சோற்றுக்கற்றாழையின் சோறும் பனஞ்சோறும் அப்படி வந்தவையே. நம்மிடமே நல்ல சொல் இருக்க, ‘கழிவு’ என்று பெயரிட்டது நாம். இக்கட்டுரையில் நார்ச்சோறு என்றே எழுதுகிறோம்.

இந்தத் தூள் நம் தொட்டிக்குள் வந்து சேர்ந்த வழி நேரானது அன்று. அது இங்கிருந்து புறப்பட்டு, லண்டனைச் சுற்றி, வேறு பெயரோடு திரும்பி வந்திருக்கிறது.

அதற்கு முன் இங்கே என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். திருவள்ளூர் ஏரிகளின் நாடு. பொன்னேரி என்ற ஊர்ப்பெயரிலேயே ஏரி இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற கும்பினிப் பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் ஊர்களை அளந்து எழுதிய கணக்குகளில், விளைச்சலில் ஒரு பங்கு ஏரிப் பராமரிப்புக்கென்று ஒதுக்கப்பட்டிருந்ததைக் காண்கிறோம். கோடையில் ஏரி வற்றியதும் அடியில் படிந்த வண்டலை வண்டிகளில் அள்ளி வயலில் கொட்டுவது பழைய வழக்கம். அது ஏரியைத் தூர்வாருவதும் ஆகும், வயலுக்கு உரமும் ஆகும். மணற்பாங்கான நிலத்தில் வண்டலின் நுண்ணிய களித்துகள்கள் ஈரத்தைப் பிடித்து நிறுத்தும். ஒரே வேலையில் இரண்டு பலன். இதைவிடச் சிக்கனமான ஈரம் காக்கும் முறையை எந்த ஆராய்ச்சி நிலையமும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் வண்டலைத் தொட்டியில் மட்டும் நிரப்பினால் காரியம் கெடும். வயலில் அது மணலோடு கலந்து இளகும். தொட்டியிலோ இறுகிச் செங்கல்லாகிவிடும். காய்ந்ததும் சுருங்கிப் பக்கச் சுவரை விட்டு விலக, ஊற்றும் தண்ணீர் வேரைத் தொடாமல் அந்த இடுக்கு வழியே இறங்கி அடித்துளையில் கொட்டிவிடும். எடையும் அதிகம், கொக்கி தாங்காது. தொங்கும் தொட்டிக்குத் தேவை எடையில்லாமல் ஈரம் தாங்கும் ஒரு பொருள். இந்தத் தேவை முதலில் எழுந்தது நம்மிடம் அன்று, விக்டோரியா காலத்து இங்கிலாந்தில்.

1859-இல் ஜேம்ஸ் டாரா என்ற அயர்லாந்து வம்சாவளி அமெரிக்கர் ஆலப்புழையில் கயிற்றுப் பாய்த் தொழிற்சாலையைத் தொடங்கினார். அதே காலத்தில் லண்டன் சுற்றுவட்டாரத்திலும் தேங்காய் மட்டையிலிருந்து பாயும் தூரிகையும் செய்யும் ஆலைகள் இருந்தன. நாரைப் பிரித்தபின் குவிந்த தூளை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோது, தோட்டக்காரர்கள் அதை வாங்கத் தொடங்கினார்கள். 1860களின் ஆங்கிலத் தோட்டக்கலை இதழ்களில் மூட்டைக் கணக்கில் அதற்கு விளம்பரங்கள் வந்தன. கண்ணாடி வீடுகளில் பெரணிகளுக்கும் ஆர்க்கிட்களுக்கும் அது பயன்பட்டது. இன்று ‘புதிய கண்டுபிடிப்பு’ என்று விற்கப்படும் பொருளுக்கு வயது நூற்று அறுபதுக்கு மேல்.

பிறகு அது மறக்கப்பட்டது. மறக்கச் செய்தது பீட். குளிர்நாட்டுச் சதுப்புகளில் ஸ்பாக்னம் என்னும் பாசி, காற்றுப் புகாத நீரில் அரைகுறையாக மட்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்தது பீட். எடை குறைவு, ஈரம் தாங்கும், கிருமிகள் குறைவு, வெட்டி எடுக்கச் செலவும் குறைவு. 1930களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் லாரன்ஸும் நியூவெல்லும் ஏழு பங்கு தோட்ட மண், மூன்று பங்கு பீட், இரண்டு பங்கு மணல் என்று தொட்டி மண்ணுக்கு ஒரு வாய்பாடு வகுத்தார்கள். அதுவரை ஒவ்வொரு தோட்டக்காரரும் தம் குலரகசியம்போல் காத்துவந்த கலவைகள் அதோடு வழக்கொழிந்தன. போருக்குப்பின் கலிபோர்னியாவிலும் கார்னெலிலும் மண்ணையே விலக்கிவிட்டுப் பீட்டை முதலாக வைத்த கலவைகள் வந்தன. நடுவே 1949-இல் எக்கனாமிக் பாட்டனி ஆய்விதழில் ஈ. பி. ஹியூம் என்பவர் நார்ச்சோறு பீட்டுக்கு மாற்றாகும் என்று எழுதினார். பீட் மலிவாகக் கிடைத்த உலகில் அதற்குச் செவிசாய்க்க ஆளில்லை.

பீட்டுக்கு ஒரு குறை உண்டு. தொங்கும் தொட்டி வைத்திருப்பவர்கள் அதை நன்கு அறிவார்கள். முற்றிலும் காய்ந்துவிட்டால் அது தண்ணீரை வெறுக்கத் தொடங்கும். மேலே ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடும். தொட்டியை ஒரு வாளியில் மணிக்கணக்காக ஊறவைத்தால்தான் மீண்டும் நனையும். நார்ச்சோறு அப்படியன்று. எத்தனைமுறை காய்ந்தாலும் தண்ணீர் பட்டதும் உறிஞ்சிக்கொள்ளும். தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் நீர் தாங்கும். அப்போதும் உள்ளே காற்றுக்கு இடம் இருக்கும்.

(பீட் வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். நீலகிரியின் மேட்டுச் சதுப்புகளிலும் அது உண்டு. அங்கே எடுத்த பீட் மாதிரிகளிலிருந்து தென்னிந்தியாவின் இருபதாயிரம் ஆண்டுத் தட்பவெப்ப வரலாற்றை வாசித்து, ரா. சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் நேச்சர் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். நல்லவேளையாக அதைத் தொட்டிக்கு வெட்டி எடுக்கும் யோசனை யாருக்கும் வரவில்லை.)

இனி நம் பக்கம் வருவோம். கேரளத்தில் மட்டையைக் காயலில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு அடித்து நார் எடுப்பார்கள். பொள்ளாச்சிப் பகுதியில் இயந்திரம் வந்தபின் ஊறவைக்கும் காலம் சுருங்கியது, நார் உற்பத்தி பெருகியது. ஒரு கிலோ நாருக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ நார்ச்சோறு என்பது கணக்கு. அதாவது எந்தக் கயிற்று ஆலையும் உண்மையில் தூள் ஆலைதான். கயிறு அதன் உபபொருள். சாலையோரங்களில் அந்தத் தூள் குன்றுகளாக உயர்ந்து நின்றது. எளிதில் மட்காது, ஏனெனில் அதில் லிக்னின் ஏறத்தாழ 30 சதவீதம், கரிமமும் தழைச்சத்தும் 112-க்கு 1 என்ற விகிதத்தில். அப்படியே வயலில் போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் நுண்ணுயிர்கள் அதை மட்கச் செய்வதற்காகப் பிடுங்கிக்கொள்ளும். தீ வைத்தால் நாட்கணக்கில் புகையும்.

1980களில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குக் கண்ட வழி எளிமையானது. சிப்பிக்காளான் வித்தையும் யூரியாவையும் மாறிமாறி அடுக்கி, நிழலில் ஈரப்படுத்தி வைத்தார்கள். ஒரு டன் தூளுக்கு ஐந்து கிலோ யூரியா. ஒரு மாதத்தில் நிறம் கறுத்தது. அந்தக் கரிம விகிதம் 24-க்கு 1 என இறங்கியது. லிக்னின் ஐந்து சதவீதத்துக்கும் கீழே வந்தது. காளானின் இயல்பான வேலை மரத்தைத் தின்பது. அதற்குரிய உணவைப் பொள்ளாச்சி மலைமலையாகக் குவித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். மானாவாரி நிலங்களில் ஈரம் காக்க எக்டருக்கு 12.5 டன் நார்ச்சோறு இடலாம் என்ற பரிந்துரையும் பல்கலைக்கழகத்திடமிருந்து வந்தது. கவனிக்க வேண்டியது இது: நம் ஆராய்ச்சியாளர்கள் இதை முதலில் நினைத்தது பால்கனிக்காக அன்று, வானம் பார்த்த பூமிக்காக. அந்தத் திசையில் போகவேண்டிய தூள் வேறு திசையில் போனது.

1990-ஐ ஒட்டி இங்கிலாந்தில் பீட் எதிர்ப்பு இயக்கம் எழுந்தது. சதுப்பு நிலங்கள் அழிகின்றன, அவற்றில் உறைந்திருக்கும் கரிமம் காற்றில் கலக்கிறது என்பது அதன் வாதம், நியாயமான வாதமும்கூட. மாற்றைத் தேடியபோது இலங்கையிலிருந்தும் பிறகு தமிழகத்திலிருந்தும் நார்ச்சோறு கப்பலேறியது. நெதர்லாந்தின் கண்ணாடி வீடுகளில் தக்காளியும் மிளகாயும் அதில் வேரூன்றின. ஐந்து கிலோ கட்டியாக அழுத்தினால் அங்கே தண்ணீர் ஊற்றி எழுபது லிட்டர் அளவுக்கு விரித்துக்கொள்ளலாம். கப்பல் கூலி அதனால் கட்டுபடியானது. 2022-இல் பிரிட்டிஷ் அரசு வீட்டுத் தோட்டங்களுக்கான பீட் விற்பனையை 2024-க்குள் நிறுத்துவதாக அறிவித்தது. சட்டம் நிறைவேறாமலேயே அந்த ஆண்டு கடந்துபோனது. ஆனால் சந்தை சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் இந்தியக் கயிற்றுப் பொருள் ஏற்றுமதியில் நார்ச்சோறே முதலிடத்தில் நிற்கிறது. கயிறு பின்னுக்குப் போய்விட்டது.

இங்கேதான் உப்பு வருகிறது. தென்னை உப்பைத் தாங்கும் மரம். பொட்டாசியத்தையும் குளோரைடையும் மட்டையில் சேர்த்து வைக்கும். கடற்கரை மரமானால் சோடியமும் சேரும். உப்புக்காயலில் ஊறிய மட்டையைச் சொல்லவே வேண்டாம். வெளிநாட்டு வாங்குபவர் உப்பைக் கடத்துத்திறனால் அளக்கிறார். அரை மில்லிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் நல்ல விலை. ஆகவே தூளைக் கழுவ வேண்டும். ஒருமுறை கழுவினால் போதாது. தூளின் பரப்பில் ஒட்டியிருக்கும் பொட்டாசியமும் சோடியமும் வெறும் தண்ணீருக்கு முழுதாக அசையமாட்டா. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அவற்றைப் பெயர்த்து, அந்த இடத்தில் கால்சியத்தை அமர்த்த வேண்டும். பிறகு மீண்டும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அந்த நல்ல தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. அலசிய தண்ணீர், தேயிலைச் சாயம் போன்ற நிறத்தில், அதே நிலத்தில் இறங்குகிறது.

பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களில் கிணறுகள் நிறம் மாறியதாக விவசாயிகள் முறையிட்டார்கள். 2021-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கயிற்றுத் தொழிலை வெள்ளைப் பட்டியலிலிருந்து ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. மாசற்றது என்று கருதப்பட்ட தொழில் கண்காணிப்புக்குரியதாயிற்று. தொழில்முனைவோர் கொதித்தார்கள். அவர்கள் பக்கமும் பேச்சு இல்லாமல் இல்லை. பெரும்பாலானவை சிறு ஆலைகள், பலருக்கு வேறு பிழைப்பில்லை. ஆனால் கணக்கைப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. மான்செஸ்டரின் ஒரு தொங்கும் கூடையில் பெட்டூனியாச் செடி வாடாமல் நிற்கத் தேவையான ஈரத்தாங்கும் திறனை நாம் ஏற்றுமதி செய்கிறோம். அதைத் தயாரிக்கச் செலவான தண்ணீர், தண்ணீர் அதிகம் இல்லாத ஓர் ஊரிலிருந்து எடுத்தது. மழைக்குக் குறைவில்லாத நாட்டின் தொட்டிக்கு மழைக்காக ஏங்கும் நாடு ஈரம் அனுப்புகிறது. அங்கே சதுப்பு காக்கப்படுகிறது. அதற்கான விலையின் ஒரு பகுதி இங்கே கிணற்றில் பற்றெழுதப்படுகிறது.

உள்ளூர்ச் சந்தைக்கு வருவது பெரும்பாலும் இப்படிக் கழுவப்படாத தூள். 2013-14-இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை மானியத்தில் கொடுத்தபோது நார்ச்சோற்றுக் கட்டிகளும் அதில் இருந்தன. அதன்பின் சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் அதன் புழக்கம் பெருகிவிட்டது. திருவள்ளூர் கடற்பகுதிக்கு வரும்போது அந்தத் தூளின் உப்பு இன்னொரு உப்பைச் சந்திக்கிறது.

அந்த இரண்டாவது உப்பின் வரலாறும் சொல்லத்தக்கது. 1966 முதல் 1969 வரை ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியுடன் ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைந்து, சென்னைக்கும் ஆலைகளுக்கும் தண்ணீர் போனது. விவசாயிகளும் இறைத்தார்கள். 1969-லேயே மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுவது கண்டறியப்பட்டது. நல்ல தண்ணீரின் அழுத்தம் குறைந்த இடத்தில் கடல் வந்து அமர்ந்தது. பின்வந்த ஆண்டுகளில் அது பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்நாட்டுக்குள் நகர்ந்தது. அதே மீஞ்சூரின் பெயரால், காட்டுப்பள்ளிக் கடலோரத்தில், நாளொன்றுக்குப் பத்துக்கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் தொடங்கப்பட்டது. நிலத்தடியில் இருந்த நல்ல தண்ணீரைக் கடலுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பிறகு மின்சாரம் செலவழித்துக் கடலிடமிருந்து அதைத் திரும்ப வாங்குகிறோம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறத்தாழ வறண்டன. 2020-இல் கும்மிடிப்பூண்டிக்கு அருகே கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகையில் அரை டிஎம்சி கொள்ளளவில் புதிய நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அதுவும் சென்னையின் தாகத்துக்கே.

ஆகவே இப்பகுதியின் பல வீடுகளில் செடிக்குக் கிடைப்பது உவர்ப்பான போர் தண்ணீர். அதை நார்ச்சோற்றுத் தொட்டியில் ஊற்றும்போது நடப்பதை எண்ணிப் பாருங்கள். செடி தண்ணீரைக் குடிக்கும், வெயில் தண்ணீரைக் குடிக்கும், உப்பை இரண்டும் தொடா. நாள்தோறும் ஊற்ற ஊற்ற உப்பு ஏறிக்கொண்டே போகும். மணற்பாங்கான மண்ணில் அது அடித்துளை வழியே கொஞ்சம் வெளியேறும். ஈரத்தை இறுகப் பிடிக்கும் தூளில், அளவாக ஊற்றும் சிக்கனக்காரர் வீட்டில், அப்படியே தங்கும். இலைநுனி கருகும்போது தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறோம். ஈரம் இருந்தும் செடி தாகத்தில் சாகிறது.

ஜெல் குருணைகளும் இதற்கு விடையல்ல. 1970களில் அமெரிக்க வேளாண்துறையின் பியோரியா ஆய்வகம் மாச்சத்திலிருந்து ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’ என்ற உறிஞ்சியை உருவாக்கியது. நம் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா ஹைட்ரோஜெல் பின்னாளில் வந்தது. தூய நீரில் பல நூறு மடங்கு உப்பும் இத்தகைய குருணைகள் உவர்நீரில் அதில் ஒரு சிறு பங்கே உப்பும். விளம்பரப் படத்தில் இருப்பது தூய நீர்.

பின் என்ன செய்யலாம்? நம் எண்ணத்தில், தொங்கும் தொட்டியின் கலவையில் நார்ச்சோறு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டியதில்லை. மீதிக்குச் செம்மண்ணும் நன்கு மட்கிய தொழுவுரமும், கிடைத்தால் ஒரு கைப்பிடி ஏரி வண்டலும் போதும். செங்குன்றத்து அரிசி ஆலைகளின் உமியைக் கரித்துச் சேர்த்தால் எடையும் குறையும், காற்றும் புகும். சாம்பலாக எரிந்ததை மட்டும் தவிர்க்க வேண்டும், அது களர்த்தன்மை கூட்டும். மேற்பரப்பில் காய்ந்த சருகைப் பரப்பினால் ஆவியாவது குறையும். புதுத் தூளை வாளியில் ஊறவைத்துப் பிழிந்த பழுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தென்னை மரத்தடியில் ஊற்றலாம். அந்த உப்பு அதனிடமிருந்து வந்ததுதான்.

உப்பை இறக்குவதற்குரிய காலம் ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தொட்டிகள் நனைந்து அழுகிவிடும் என்று உள்ளே எடுத்து வைப்பது இங்கே பலருடைய வழக்கம். அதற்கு மாறாக, அடித்துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிட்டு, இரண்டு நல்ல மழைக்கு அவற்றை வெட்டவெளியில் விட்டால், கோடை முழுவதும் ஏறிய உப்பில் பெரும்பகுதி கரைந்து இறங்கிவிடும். அடுத்த ஆண்டுக்கு வாங்கிய தூளையும் சாக்கில் தளர்வாகக் கட்டி, அந்த மழையில் மொட்டைமாடியில் வைத்துவிடலாம். குழாய்த் தண்ணீர் ஒரு குடம்கூடச் செலவாகாது.